லங்காட் நதிக்கரையில் படித்தவர் எங்கே உட்கார்ந்திருந்தார்? தலைப்புகளுக்குக் குறியிடுவது பற்றி ஒரு விளக்கம்

இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

அந்தக் கதையை லங்காட் நதிக்கரையில் படித்தேன்.

மலேசிய நண்பன் சொன்ன தகவல் இது.

முதல் வாக்கியத்தை எழுதியவர் சிலாங்கூரில் ஓடும் லங்காட் ஆற்றின் கரையில் பாய் விரித்து உட்கார்ந்து ஏதோ ஒரு கதையைப் படித்திருக்கலாம். அல்லது அ. ரெங்கசாமி எழுதிய ‘லங்காட் நதிக்கரை’ என்ற நாவலை வீட்டுச் சோபாவில் சாய்ந்துகொண்டு படித்திருக்கலாம். இரண்டாவது வாக்கியத்தில் தகவல் தந்தது மலேசியாவில் வசிக்கும் ஒரு தோழரா, அதே பெயருள்ள நாளிதழா? எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கோலாலம்பூரில் நூல் வெளியீட்டு அழைப்பிதழ்களைச் சேர்த்து வைப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஒரே நூலின் பெயர் ஓர் அழைப்பிதழில் ஒற்றை மேற்கோள் குறிக்குள் இருக்கும், இன்னொன்றில் இரட்டைக் குறிக்குள். மூன்றாவதில் தடித்த எழுத்து, நான்காவதில் எதுவுமே இல்லை. பல்கலைக்கழக மாணவர் ஆய்வேட்டில் சாய்வெழுத்து போடுகிறார். அதே கட்டுரையை இதழுக்கு அனுப்பினால் ஆசிரியர் அதை நீக்கிவிட்டு மேற்கோள் குறி போடுகிறார். எது சரி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது, தமிழுக்கு மட்டும் இதில் என்ன தனிச்சிக்கல் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

தலைப்பு என்பது என்ன வகைச் சொல்?

ஒரு படைப்பின் பெயர் இலக்கணப்படி ஒரு பெயர்ச்சொல். ஆனால் அது பிற சொற்களிலிருந்து இரவல் வாங்கி உருவான பெயர். ‘புயலிலே ஒரு தோணி’ என்பதில் வேற்றுமை உருபும் இருக்கிறது, எண்ணும் இருக்கிறது, பொருளும் இருக்கிறது. தனியே எடுத்தால் ஒரு சொற்றொடர். வாக்கியத்துக்குள் வைத்தால் அந்தச் சொற்றொடர் முழுவதும் ஒரே ஒரு பெயராக நடந்துகொள்ள வேண்டும். ‘பினாங்கில் புயலிலே ஒரு தோணி கிடைத்தது’ என்று எழுதிப் பாருங்கள். ப. சிங்காரத்தின் நாவல் பினாங்குக் கடையில் விலைக்குக் கிடைத்ததா, கடலில் தத்தளித்த படகு கரை சேர்ந்ததா? நாவலின் களங்களில் பினாங்கும் ஒன்று என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது.

ஆங்கிலத்திலும் மலாயிலும் இந்தச் சிக்கலின் பாதியைப் பெரிய எழுத்து தீர்த்துவிடுகிறது. தலைப்புச் சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்கினால் கண்ணுக்கு உடனே தெரியும். தமிழ் எழுத்தில் பெரிது சிறிது கிடையாது. நண்பன் என்றால் எல்லா நண்பனும் ஒரே உயரம்தான்.

ஆனால் தமிழ் ஒரு கையைக் கொடுக்கிறது. திணையைக் கவனியுங்கள். ‘மலேசிய நண்பன் எழுதினான்’ என்றால் ஆள். ‘மலேசிய நண்பன் எழுதியது’ என்றால் இதழ். 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றது. யாரும் ‘நின்றான்’ என்று எழுதுவதில்லை. உயர்திணைப் பெயர் தலைப்பாக மாறியதும் அஃறிணை ஆகிவிடுகிறது. பன்மையும் அப்படியே. ‘மூன்று நண்பர்கள்’ என்று ஒரு நாடகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது ‘அரங்கேறியது’ என்று ஒருமையில்தான் வரும். வினைமுற்று பல இடங்களில் நம்மைக் காப்பாற்றுகிறது. காப்பாற்றாத இடங்கள், மேலே பார்த்தபடி, பெயரெச்சமும் வேற்றுமை உருபும் வரும் இடங்கள்.

ஓலையில் இல்லாத குறி

பழைய தமிழ் நூல்களுக்குப் பெயர் வைப்பதில் குறைவில்லை. நூலுக்கு எந்தெந்தக் காரணத்தால் பெயர் வரும் என்று நன்னூலின் பாயிரம் பட்டியலே தருகிறது: முதல்நூல், ஆசிரியன், அளவு, மிகுதி, பொருள், செய்வித்தோன், தன்மை, அப்புறம் காரணம் எதுவும் இல்லாத இடுகுறி. அந்தப் பெயரை வரிக்கு நடுவில் எப்படி எழுதிக் காட்டுவது என்ற பேச்சு மட்டும் இல்லை. தேவைப்படவும் இல்லை. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதே அரிது; குத்தினால் ஓலை கிழியும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. மேற்கோள் குறிக்கு அங்கே எங்கே இடம்?

1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று கிடைக்கும் முதல் நூல். அச்சு வந்த உடனே நிறுத்தக்குறிகளும் தமிழில் குடியேறிவிட்டதாக நினைக்க வேண்டாம். அவை உரைநடையோடுதான் மெல்ல வேர்விட்டன. அவற்றைத் தமிழ் உரைநடையில் நிலைபெறச் செய்தவர்களில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரை முன்னிறுத்திச் சொல்வது வழக்கம்.

அதுவரை மேற்கோள் குறியின் வேலையைச் செய்தது யார்? ‘என்று’, ‘என்ற’, ‘என்னும்’, ‘எனும்’. பேச்சையோ பெயரையோ சொல்லி முடித்ததும் இந்தச் சொல் வந்து கதவைச் சாத்தும். இன்றும் மின்னல் எஃப்எம் வானொலியில் அறிவிப்பாளர் மேற்கோள் குறியை வாயால் சொல்வதில்லை. ‘என்ற பாடல்’ என்கிறார், நமக்குப் புரிகிறது.

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. ‘என்ற’ தலைப்பு எங்கே முடிகிறது என்று சொல்லும். எங்கே தொடங்குகிறது என்று சொல்லாது. ‘அவர் எழுதிய நீலக் கடலுக்கு அப்பால் என்ற நாவல்’ என்றால் ‘நீல’ தலைப்பில் சேர்ந்ததா இல்லையா? சிங்காரத்தின் இன்னொரு நாவலின் பெயர் ‘கடலுக்கு அப்பால்’ என்று தெரிந்தவருக்கு மட்டும் விடை தெரியும். தெரியாதவர் நூலகத்தில் ‘நீல’ என்று தேடிவிட்டுத் திரும்புவார்.

அதாவது தமிழில் மூடும் குறி முன்பே இருந்தது. திறக்கும் குறிதான் இல்லை. மேற்கோள் குறிகள் ஐரோப்பாவிலிருந்து வந்த அலங்காரம் என்று ஒதுக்குபவர்கள் இந்த ஒரு வேலையைக் கவனிப்பதில்லை. ‘என்ற’ போட்டாயிற்றே, குறி எதற்கு என்று கேட்பவருக்கு விடை இதுதான்: அந்தக் குறி தொடக்கத்துக்காக.

சாய்வெழுத்து ஏன் ஒட்டவில்லை

சாய்வெழுத்து என்பது வலப்பக்கம் சரிந்து நிற்கும் எழுத்து வடிவம். 1501-இல் வெனிஸ் நகரத்து அச்சாளர் ஆல்டஸ் மனூட்டியஸ் வெளியிட்ட வெர்ஜில் கவிதை நூல் முழுவதும் இந்த வடிவத்தில் அச்சானது. அந்த எழுத்தை வெட்டித் தந்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. கையெழுத்தைப் போன்ற நெருக்கமான வடிவம், கையடக்கப் புத்தகத்துக்குப் பொருத்தமானது என்பதே அன்றைய எண்ணம். தலைப்பைத் தனித்துக் காட்டும் வேலை அதற்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

தட்டச்சில் சாய்வெழுத்து கிடையாது. அதனால் நூல் பெயருக்கு அடிக்கோடு இட்டார்கள். ‘இதைச் சாய்வாகக் கோக்கவும்’ என்று அச்சகத்துக்குச் சொல்லும் சைகை அது. தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர் என்று போற்றப்படும் யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். நம் வட்டாரத்துக்காரர் என்று உரிமை கொண்டாடலாம். அவருடைய பொறியிலும் அடிக்கோடுதான் வழி. தந்தி வழியே செய்தி அனுப்பிய நிறுவனங்களுக்கு அடிக்கோடும் இல்லை. அசோசியேட்டட் பிரஸ் இன்றுவரை நூல், படம், பாடல் பெயர்களை மேற்கோள் குறிக்குள் வைப்பது அந்த மரபின் தொடர்ச்சி.

தமிழ் எழுத்துருக்களுக்கு இப்படி ஒரு சாய்வு மரபு வளரவே இல்லை. கணினியில் சாய்வுப் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் நேரான எழுத்தை அப்படியே சரித்துக் காட்டும். ‘ண’, ‘ஞ’, ‘ஐ’ போன்ற சுழி மிகுந்த எழுத்துகள் சரிந்தால் சிறிய அளவில் படிக்கச் சிரமம். மேலே நிற்கும் புள்ளி தன் எழுத்தை விட்டு நகர்ந்து பக்கத்து எழுத்தின் தலையில் ஏறியது போலத் தெரியும். ஆங்கிலச் சாய்வெழுத்து அழகாக இருப்பதற்குக் காரணம் அது தனியாக வரையப்பட்டது என்பதே. நம்முடையது பெரும்பாலும் சரிந்த சுவர். ஆய்வேட்டு நெறிமுறை கட்டாயப்படுத்தினால் ஒழிய, தமிழில் சாய்வெழுத்தைத் தவிர்ப்பது நல்லது. தடித்த எழுத்து சுவரொட்டிக்குப் பொருந்தும். பத்திக்குள் அடிக்கடி வந்தால் பக்கம் அம்மை போட்டது போல ஆகிவிடும்.

பக்கத்து வீட்டு மொழிகள்

கோலாலம்பூரில் ஒருவர் ஒரே நாளில் நான்கு மொழி எழுத்தைப் பார்க்கிறார். நான்கும் தலைப்பை ஒரே விதமாகக் காட்டுவதில்லை. நம் எழுத்தாளர்களின் பழக்கம் அவர்கள் எந்த மொழியில் அதிகம் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறுவதில் வியப்பில்லை.

மலாயில் நூல், இதழ், நாளிதழ் பெயர்கள் அச்சில் சாய்வெழுத்து. கவிதை, கட்டுரை, நூலின் ஓர் இயல் ஆகியவை மேற்கோள் குறிக்குள். ஆங்கிலத்தில் சிகாகோ நடைக்கையேட்டைப் பின்பற்றுவோரும் கிட்டத்தட்ட இதையே செய்கிறார்கள்: முழுப் படைப்பு சாய்வு, அதன் உறுப்பு மேற்கோள். செய்தித்தாள் மரபு வேறு என்பதை மேலே பார்த்தோம்.

பொறாமைப்பட வேண்டியது சீனத்தைப் பார்த்துத்தான். கோலாலம்பூரின் சீனக் கடைத்தெருவான பெட்டாலிங் ஸ்திரீட் பக்கம் போனால் படச் சுவரொட்டியிலோ நாளிதழிலோ 《 》 என்ற இரட்டைக் கோணக் குறி கண்ணில் படும். அது தலைப்புக்கென்றே ஒதுக்கப்பட்ட குறி. பேச்சுக்கு அது வராது, கிண்டலுக்கு வராது. அந்தக் கூரைக்குள் இருந்தால் நூலோ படமோ பாட்டோ இதழோ ஏதோ ஒரு படைப்பு. சீன எழுத்திலும் பெரிய எழுத்து கிடையாது, நம்மைப் போலவே. ஆனால் அவர்கள் தங்களுக்கென்று ஒரு குறியை வைத்துக்கொண்டார்கள்.

தமிழில் மேற்கோள் குறி ஒரே சம்பளத்துக்குப் பல வேலை செய்கிறது. பேச்சைக் காட்டும். தலைப்பைக் காட்டும். பட்டப்பெயரைக் காட்டும். கலைச்சொல்லை அறிமுகப்படுத்தும். கிண்டலும் செய்யும்: ஒருவரை ‘தலைவர்’ என்று குறிக்குள் எழுதினால் அவர் தலைவர் இல்லை என்று பொருள். அதனால்தான் சங்கத்தின் பெயரையோ மனிதரின் பெயரையோ மரியாதைக்காக மேற்கோள் குறிக்குள் போடும் அழைப்பிதழ்கள் விபரீதமாகப் படிக்கப்படுகின்றன. கோலாலம்பூர் விஸ்மா துன் சம்பந்தன் கட்டடத்தின் சோமா அரங்கத்துக்குக் குறி வேண்டாம். அங்கே வெளியிடப்படும் நூலுக்கு வேண்டும்.

உருபு எங்கே போகும்?

தமிழின் தனிச்சிக்கல் இது. மலாயிலும் ஆங்கிலத்திலும் ‘இல்’ என்ற பொருள் தரும் சொல் தலைப்புக்கு முன்னால் தனியாக நிற்கிறது, தலைப்பைத் தொடுவதில்லை. தமிழில் உருபு தலைப்பின் வாலில் ஒட்டுகிறது. ஒட்டும்போது வாலையே மாற்றியும் விடுகிறது. தலைப்பு மாறக்கூடாது, ஆனால் இலக்கணம் மாற்றச் சொல்கிறது. எந்த எழுத்தில் தலைப்பு முடிகிறது என்பதைப் பொறுத்துச் சிக்கலின் அளவு மாறும்.

1. இ, ஈ, ஐ ஆகிய ஒலிகளில் முடிபவை. இவை நல்ல பிள்ளைகள். யகரம் நடுவில் வந்து சேர்த்துவைக்கும்: ‘மக்கள் ஓசை’யில், ‘தினமணி’யில். தலைப்பு முழுதாகக் குறிக்குள் இருக்கிறது, உருபு வெளியே இருக்கிறது. நம் முதல் எடுத்துக்காட்டும் இந்த வகைதான். ‘லங்காட் நதிக்கரை’யில் படித்தேன் என்று எழுதியிருந்தால் பாய் விரித்திருக்க வேண்டியதில்லை.

2. மெய்யில் முடிபவை. ‘தமிழ் மலர்’, ‘மலேசிய நண்பன்’. உருபு சேர்ந்தால் மலரில், நண்பனில். ‘ன்’ உடன் ‘இ’ சேர்ந்து ‘னி’ என்ற ஒரே எழுத்தாகிவிடுகிறது. ஓர் எழுத்தின் நடுவில் குறியைச் சொருக முடியாது. அதனால் பழைய இதழ்களில் ‘மலேசிய நண்ப’னில் என்ற மாதிரி வெட்டுவார்கள். கையெழுத்துப் பிரதி காலத்தில் பழகிய கண்ணுக்கு இது சகஜம். புதிய வாசகர் ‘நண்ப’ என்று ஓர் இதழ் இருப்பதாக நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

3. மகர மெய்யில் முடிபவை. ‘குமுதம்’ என்பது குமுதத்தில், குமுதத்தை என்று ஆகும். ‘ம்’ போய் ‘த்து’ வருகிறது. ‘குமுத’த்தில் என்று பிரிப்பது பழைய வழக்கம். ‘குமுதம்’த்தில் என்பது பிழை, இரண்டு படகில் கால் வைத்த கதை.

4. உகரத்தில் முடிபவை. சிங்கப்பூரின் ‘தமிழ் முரசு’ நாளிதழை எடுத்துக்கொள்ளுங்கள். முறைப்படி முரசில், முரசை. உகரமே காணாமல் போகிறது. அதனால் ‘தமிழ் முரசு’வில் என்று சிலர் எழுதுகிறார்கள், தலைப்பு காப்பாற்றப்பட்டது, புணர்ச்சி பலியானது. ‘வீடு’, ‘காடு’, ‘ஆறு’ என்று முடியும் தலைப்புகள் இன்னும் மோசம். வீட்டில், காட்டில், ஆற்றில் என்று ஒற்று இரட்டித்துத் தலைப்பின் முகமே மாறிவிடும்.

இதற்கு நடைமுறையில் மூன்று தீர்வுகள் இருக்கின்றன.

முதலாவது, எல்லாவற்றையும் குறிக்குள் தள்ளுவது: ‘மலேசிய நண்பனில்’. படிக்க இயல்பாக இருக்கும். ஆனால் குறிக்குள் இருப்பது இப்போது தலைப்பு இல்லை, தலைப்பும் உருபும் சேர்ந்த கலவை. தலைப்பே அப்படித்தானோ என்ற சந்தேகம் வரும்; ஏனென்றால் ‘இல்’ என்று முடியும் தலைப்புகளும் தமிழில் உண்டு.

இரண்டாவது, தலைப்பை முழுதாக மூடிவிட்டு உருபைத் தனி உயிரெழுத்தோடு வெளியே நிறுத்துவது: ‘மலேசிய நண்பன்’இல், ‘குமுதம்’ஐ. எண்களுக்கு நாம் ஏற்கெனவே செய்வது இதுதான். 2019-இல் என்று எழுதுகிறோம், 9-ஐயும் ‘இல்’லையும் புணர வைப்பதில்லை. எண்ணைப் போலவே தலைப்பும் உருமாறக் கூடாத பொருள் என்பதால் தர்க்கம் சரியாகவே இருக்கிறது. கண்ணுக்குத்தான் உறுத்துகிறது. ஆய்வுக் கட்டுரைக்கும் அட்டவணைக்கும் ஏற்றது. கதைக் கட்டுரையில் கல் கடிக்கும்.

மூன்றாவது, உருபைத் தாங்க ஒரு வகைப்பெயரைக் கூலிக்கு அமர்த்துவது: ‘மலேசிய நண்பன்’ நாளிதழில், ‘லங்காட் நதிக்கரை’ நாவலில், ‘குமுதம்’ வார இதழை. தலைப்பு அசையாமல் நிற்கிறது, இலக்கணம் வகைப்பெயரின் மேல் ஏறுகிறது, அந்தப் பெயரைக் கேள்விப்படாதவருக்கும் அது என்ன வகைப் படைப்பு என்று தெரிந்துவிடுகிறது. ஒரே கல்லில் மூன்று மாங்காய். முதல் முறை குறிப்பிடும்போது இதைத்தான் பரிந்துரைக்கலாம். அடுத்தடுத்த வரிகளில் ‘அந்நாவலில்’, ‘அதை’ என்று போகலாம். ஒவ்வொரு வரியிலும் ‘நாவல் நாவல்’ என்றால் ஏலக்கடை மாதிரி இருக்கும்.

நான்காவதாக ஒரு குறுக்கு வழியும் உண்டு. அஃறிணைப் பொருளுக்கு ‘ஐ’ உருபு பல இடங்களில் மறைந்து நிற்கலாம் என்பது நமக்குத் தெரிந்ததே: புத்தகம் படித்தேன், தேநீர் குடித்தேன். தலைப்பு அஃறிணை என்பதால் இதற்கும் பொருந்தும். ‘தமிழ் முரசு’ படித்தேன். உருபும் இல்லை, வெட்டும் இல்லை.

இதோடு ஒட்டிய சிறு சிக்கல், வல்லின ஒற்று. ‘மக்கள் ஓசைப் பத்திரிகை’ என்று ஒற்று மிகும். குறி போட்டால்? ‘ப்’ தலைப்புக்குச் சொந்தமில்லை; ஆனால் நிற்பது தலைப்பின் வாலில். விட்டுவிடலாம்: ‘மக்கள் ஓசை’ பத்திரிகை. தலைப்புக்கு முன்னால் இருக்கும் சொல்லில் ஒற்று வந்தால் தாராளமாகப் போடலாம், ஏனென்றால் அது தலைப்பைத் தொடவில்லை: அந்தக் ‘கடலுக்கு அப்பால்’ நாவல். ஒற்றுப் போட்டதும் அது தலைப்பின் முதல் எழுத்தோ என்று யாரும் குழம்பப் போவதில்லை. தமிழில் ‘க்’ என்று எந்தச் சொல்லும் தொடங்காது.

ஒற்றையா, இரட்டையா?

இரண்டும் வழக்கில் இருக்கின்றன; எதுவும் பாவம் இல்லை. ஆனால் ஒற்றைக் குறிக்கு நடைமுறைச் சாதகம் ஒன்று உண்டு. பேச்சுக்கு இரட்டைக் குறி என்று பள்ளியிலேயே பழகிவிட்டோம். பேச்சுக்குள் தலைப்பு வரும்போது, “அண்ணே, ‘லங்காட் நதிக்கரை’ இருக்கா?” என்று எழுதினால் எது பேச்சு, எது நூல் என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. இரண்டுக்கும் இரட்டைக் குறி என்றால் நூலின் பெயரைத் திறக்கும் குறி பேச்சை மூடிவிட்டதாகத் தோன்றும்.

தலைப்புக்குள் தலைப்பு வந்தால் மட்டும் உள்ளே இருப்பது இரட்டை ஆகட்டும்: ‘“லங்காட் நதிக்கரை” நாவலில் தோட்ட வாழ்க்கை’ என்று ஒரு மாணவர் கட்டுரைக்குப் பெயர் வைத்தால் இப்படி.

நூலுக்கு ஒன்று, அதிலுள்ள சிறுகதைக்கு ஒன்று என்று வேறுபடுத்த வேண்டுமா? மலாயும் ஆங்கிலமும் வேறுபடுத்துகின்றன. தமிழில் வகைப்பெயர் அந்த வேலையைச் செய்துவிடும். ‘தொகுப்பு’, ‘சிறுகதை’ என்ற சொற்களைப் போட்டால் போதும், குறியில் ஏற்றத்தாழ்வு தேவையில்லை.

காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் குறிக்கு வெளியே இருக்கட்டும். தலைப்பின் பகுதியாக உள்ள கேள்விக்குறியும் வியப்புக்குறியும் உள்ளே. கேள்விக்குறியில் முடியும் தலைப்பை வாக்கியத்தின் கடைசியில் வைக்காமல் இருந்தால் பாதிப் பிரச்சினை வரவே வராது.

எங்கே குறி வேண்டாம்

திருக்குறள், சிலப்பதிகாரம், திருவாசகம், பைபிள், குர்ஆன். இவற்றுக்குக் குறி போடாமல் எழுதுவதே வழக்கம். ஆங்கிலத்தின் பெரிய நடைக்கையேடுகளும் சமய நூல்களுக்கு விலக்கு அளிக்கின்றன. காரணம் பக்தி மட்டும் என்று சொல்ல முடியாது. இந்தப் பெயர்களை வேறு எதாகவும் யாரும் படிக்கப் போவதில்லை. குறி இல்லாததால் உருபுச் சிக்கலும் இல்லை: சிலப்பதிகாரத்தில், திருவாசகத்தை.

பட்டியலிலும் அட்டைப்படத்திலும் கட்டுரையின் சொந்தத் தலைப்பிலும் குறி வேண்டாம். அட்டையில் தன் நூலின் பெயரையே மேற்கோள் குறிக்குள் அச்சிடுவது, ஒருவர் தன் பெயரைச் சொல்லும்போது விரலால் காற்றில் குறி போடுவது மாதிரி.

கப்பல் பெயர் ஓர் ஓரக் கேள்வி. ஆங்கிலத்தில் கப்பல்களின் பெயரும் சாய்வெழுத்தில் வரும். அதைப் பார்த்து, தமிழகத்திலிருந்து பினாங்குக்கு ஆட்களை ஏற்றிவந்த ரஜூலாவையும் எம்.வி. சிதம்பரத்தையும் நம்மவர்கள் குறிக்குள் எழுதுவதுண்டு. ‘கப்பல்’ என்ற சொல் பக்கத்தில் இருந்தால் ரஜூலாவுக்குக் குறி தேவையில்லை. சிதம்பரம் மட்டும் ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் ஆகிவிடுவதால் கொஞ்சம் யோசிக்கலாம். ‘சிதம்பரத்தில் வந்தார்’ என்றால் ரயிலில் வந்து இறங்கினாரா, கப்பலில் ஏறி வந்தாரா?

பாடல்களுக்குப் பெரும்பாலும் தனிப்பெயர் கிடையாது. திரைப்பாட்டானாலும் தேவாரப் பதிகமானாலும் முதலடியே பெயர். அதைக் குறிக்குள் வைத்து, அடி முடியாமல் நிற்கிறது என்று காட்ட மூன்று புள்ளி சேர்ப்பது நல்ல பழக்கம்.

இரட்டைத் தலைப்பு ஒன்று பாக்கி. பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களில் ‘அல்லது’ போட்டு இரண்டு பெயர் வைப்பார்கள். ராஜம் ஐயரின் நாவல் 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்தது. அதன் முழுப்பெயர் ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’. முழுவதும் ஒரே ஜோடிக் குறிக்குள் இருக்க வேண்டும். ‘அல்லது’ வெளியே வந்தால் அவர் இரண்டில் எதை எழுதினார் என்று கட்டுரையாசிரியருக்கே தெரியவில்லை போலிருக்கிறது என்று ஆகிவிடும்.

கைப்பேசியும் கணினியும் செய்வது

மேற்கோள் குறியும் ஓர் எழுத்தைப் போன்றதே; சாய்வும் தடிப்பும் எழுத்தின் மேல் போட்ட உடை. ஓரிடத்தில் நகலெடுத்து இன்னோரிடத்தில் ஒட்டினால் உடை கழன்றுவிடலாம், குறி தங்கும். வாட்ஸ்அப்பில் சொல்லின் இருபுறமும் அடிக்கோட்டுக் குறி போட்டால் சாய்வாகும், நட்சத்திரக் குறி போட்டால் தடிக்கும். அதே செய்தியை எடுத்து மின்னஞ்சலில் ஒட்டினால் நட்சத்திரங்கள் அப்படியே விண்மீன்களாக நிற்கும். அழைப்பிதழ் வாசகம் வாட்ஸ்அப்பில் தொடங்கி நாளிதழ் அலுவலகம் வரை பயணம் செய்யும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

யூனிகோடில் தமிழுக்குத் தனி மேற்கோள் குறி கிடையாது. எல்லா மொழிக்கும் பொதுவானதைத்தான் நாமும் பயன்படுத்துகிறோம். அதில் வளைந்த ஜோடியும் உண்டு, நேராக நிற்கும் ஒற்றைக் கோடும் உண்டு. நேர்க்குறிக்குத் திறப்பதும் மூடுவதும் ஒரே வடிவம். தமிழில் குறியின் முக்கிய வேலையே தொடக்கத்தைக் காட்டுவது என்பதால், திசை தெரியாத குறி பாதி வேலையைத்தான் செய்யும். மலேசியாவில் பிறந்த முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் 1985-இலிருந்தே இருக்கிறது, செல்லினம் என்ற தமிழ் உள்ளீட்டுச் செயலி 2005-இல் கைப்பேசிக்கு வந்துவிட்டது. தமிழ் தட்டுவதில் நமக்குக் குறையில்லை. கைப்பேசியில் வளைந்த குறி வேண்டுமென்றால், பல விசைப்பலகைகளில் நேர்க்குறியை அழுத்திப் பிடித்தால் கிடைக்கும்.

மெய்யில் முடியும் தலைப்புகளை வெட்டுவதில் கணினியும் ஒரு பாடம் சொல்லித் தருகிறது. மூடும் குறிக்குப் பிறகு ‘இ’ என்ற தனி உயிரெழுத்துக்குப் பதிலாக இகரத்தின் மேல்விலங்கை மட்டும் தட்டினால், தொங்க மெய் கிடைக்காமல் அது ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ‘தமிழ் மலர்’ என்று மூடிவிட்டு அவசரத்தில் தட்டியவர்களின் பதிவுகளில் இந்த வட்டத்தைப் பார்க்கலாம். குறிக்கும் உருபுக்கும் நடுவில் இடைவெளி விடவும் கூடாது; விட்டால் வரி முடியும் இடத்தில் ‘இல்’ மட்டும் தனியாகக் கீழே இறங்கி அடுத்த வரியின் தலையில் உட்காரும்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வேறு கதை. விண்டோஸ் கணினி நேரான இரட்டைக் குறியையும் கேள்விக்குறியையும் கோப்புப் பெயரில் ஏற்காது. கேள்விக்குறியில் முடியும் தலைப்புள்ள நூலின் கோப்பு அந்தக் குறி இல்லாமல்தான் அச்சகத்துக்குப் போகும்; அட்டையை வடிவமைப்பவர் கோப்பின் பெயரைப் பார்த்துத் தலைப்பைத் தட்டினால் கேள்வி ஒரு செய்தியாகிவிடும். அட்டைக்கான வாசகத்தைக் கோப்புக்கு உள்ளே தனி வரியில் எழுதி அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.